மகள் மேடை வடிவமைப்பு படிக்கிறேன் என்கிறாள். துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

செந்தூல்வாசி | ஞாயிறு, இரவு 10.42

வணக்கம். வெகு நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இழை தொடங்குவது இதுதான் முதல் முறை.

மூத்த மகளுக்கு எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வு) முடிந்துவிட்டது. ஐந்து கிரெடிட், மோசமில்லை. அக்கவுண்டிங் போவாள் என்றுதான் நினைத்திருந்தோம். அவளோ ஒரு தாளை நீட்டி, நாடகம், நேரடி நிகழ்ச்சி, டிஜிட்டல் நிகழ்த்துகலை இதற்கெல்லாம் வடிவமைப்பு படிக்கிறேன் என்கிறாள். மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்: "மண்டபத்துல பூ கட்டுறதுக்கு எதுக்குடி மூணு வருஷப் படிப்பு?" அதோடு அம்மாவுக்கும் மகளுக்கும் பேச்சு நின்று நாலு நாள் ஆகிறது.

நான் பஸ் டிப்போவில் மெக்கானிக். இந்த உலகம் எனக்குத் தெரியாது. ஆனால் அவள் அலமாரியில் சப்பாத்துப் பெட்டிகள் ஏழெட்டு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மேடை. ஒன்றில் தோட்டத்து லய வீடு, தீக்குச்சியில் படிக்கட்டு. பின்னால் கைப்பேசி விளக்கைப் பிடித்தால் ஜன்னல் வழியாக வெளிச்சம் தரையில் விழுகிறது. சாயங்காலம் ஐந்து மணி வெளிச்சம் மாதிரியே இருந்தது. விளையாட்டு என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

இந்தப் படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? வேலை உண்டா? கோலாலம்பூரிலேயே படிக்கலாமா?

கேபிள்மாமா | ஞாயிறு, இரவு 11.15

22 வருஷமாக லைட் வேலை. கல்யாணம், கோவில் திருவிழா, கம்பெனி டின்னர், புக்கிட் ஜாலில் கச்சேரி எல்லாம் பார்த்தாகிவிட்டது. நேராகச் சொல்கிறேன் அண்ணே, காசை வீணாக்காதீர்கள். பிள்ளையை ஆறு மாசம் என்னோடு விடுங்கள். கேபிள் சுருட்டக் கற்றுக்கொண்டால் மீதி தானாக வரும்.

போன வருஷம் ஒரு டிப்ளோமா பையன் வந்தான். வரைபடம் அச்சடித்த மாதிரி இருந்தது. ஒரு பள்ளி மண்டபத்தில் 1000 வாட் பார் கேன் விளக்கு நாலை ஒரே 13 ஆம்ப் பிளக்கில் செருகிவிட்டான். இரண்டு தாராளமாகத் தாங்கும், மூன்று விளிம்பு, நாலு என்றால் இருட்டு. தலைமையாசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. சோப்புத் தண்ணியில் கை வைக்காமல் சட்டை துவைக்கக் கற்ற பையன்.

கிள்ளான்டீச்சர் | திங்கள், காலை 6.50

சார், சண்டைக்கு முன்னால் காகித வேலை. டிப்ளோமாவுக்குக் குறைந்தது மூன்று கிரெடிட் போதும், மகளிடம் ஐந்து இருக்கிறது. எந்தத் தனியார் கல்லூரியானாலும் அந்தப் படிப்புக்கு எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரம் இருக்கிறதா என்று பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். கல்லூரிக்கு இருந்தால் போதாது, அந்தப் படிப்புக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிடிபிடிஎன் என்கிற அரசாங்கப் படிப்புக் கடன் கிடைக்காது.

அப்புறம் அஸ்வாராவை மறக்காதீர்கள். கோலாலம்பூரிலேயே, ஜாலான் துன் இஸ்மாயிலில் இருக்கிறது. 1994-இல் தொடங்கிய அரசாங்கக் கலைக்கழகம், நாடகத்துறை உண்டு. மலாய்மொழியில் பாடம், நேர்முகத் தேர்வு இருக்கும். நம் பிள்ளைகள் அந்தப் பெயரையே விண்ணப்பத்தில் எழுதுவதில்லை. பள்ளியில் கவுன்சிலிங் தரும் நாங்களும் சொல்வதில்லை, அது எங்கள் குறை.

அட்டைப்பெட்டி | திங்கள், மதியம் 1.20

செந்தூல் அண்ணனுக்கு. நான் செட் டிசைன் செய்கிறேன். இங்கே டிப்ளோமா, பிறகு இங்கிலாந்தில் பட்டம். எங்கள் வீட்டிலும் இதே பூக்கேள்வி வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் பருவத்தில் யாரும் லைட்டைத் தொடவே விடவில்லை. கையில் நாடகப் பிரதியைக் கொடுத்தார்கள். முதல் தடவை சும்மா படி. இரண்டாவது தடவை எல்லா நுழைவையும் வெளியேற்றத்தையும் எழுது. மூன்றாவது தடவை, ஒவ்வொரு காட்சியிலும் யாருக்கு என்ன வேண்டும் என்று எழுது. அதன் பிறகுதான் பென்சில். கதவு எங்கே வைப்பது என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயமில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அப்பா எந்தப் பக்கம் வருகிறார், மகள் அவரைப் பார்ப்பதற்கு முன் கடிதத்தை ஒளிக்க எத்தனை காலடி நேரம் இருக்கிறது, அதுதான் கதவின் இடம்.

அடுத்து மாதிரிப் பெட்டி. உங்கள் மகள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதுதான், ஆனால் அளவோடு. 1:25. ஒரு மீட்டர் என்றால் நாலு செண்டிமீட்டர். 165 செண்டிமீட்டர் ஆள் 6.6 செண்டிமீட்டர் அட்டை மனிதனாக நிற்பார். நாற்காலியின் இருக்கை 1.8 செண்டிமீட்டர் உயரம். முதலில் எல்லாம் வெள்ளை அட்டையில், வண்ணம் கிடையாது. வண்ணம் இருந்தால் அது நம்மை ஏமாற்றிவிடும், இடம் சரியில்லாததை மறைத்துவிடும். அந்தக் குட்டி மனிதனை மாடிப்படிக்குப் பக்கத்தில் நிறுத்தினால், படி அவன் முழங்காலுக்கு வருகிறது என்று உடனே தெரியும். மெய்யான மேடையில் அந்தத் தவறு நடிகையின் கணுக்காலில்தான் முடியும்.

நான் படித்து முடித்த புதிதில் ஒரு தவறு செய்தேன். முழு ப்ளைவுட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, 2.44-க்கு 2.44 மீட்டர் சுவர்ப் பலகைகளாகப் போட்டேன். வெட்டு இல்லை, வீண் இல்லை, மலிவு. மேடை வரைபடத்தைப் பத்துத் தடவை பார்த்தேன். சாமான் ஏற்றும் வழிக் கதவை மட்டும் அளக்கவில்லை. 2.1 மீட்டர். இரவு பதினொரு மணிக்குக் கார் பார்க்கில் ரம்பத்தோடு உட்கார்ந்தோம். தச்சர் அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. இன்றைக்கு எந்த அரங்குக்குப் போனாலும் மேடைக்கு முன்னால் பின்கதவைத்தான் பார்க்கிறேன்.

கேபிள் மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேலையிடத்தில் 'எப்படி' என்று சொல்லித் தருவார்கள், 'ஏன்' என்று கேட்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. பார்வையாளருக்குக் கதவு திறக்க நாற்பது நிமிஷம்தான் இருக்கும்.

கேபிள்மாமா | திங்கள், மாலை 6.05

ஏன் என்று கேட்டால் நான் என்ன, சொல்லமாட்டேனா? முகத்துக்கு 45 டிகிரியில் இரண்டு பக்கமிருந்தும் அடி, ஒரு பக்கம் சூடான நிறம், ஒரு பக்கம் குளிர்ச்சி. எந்தக் காலேஜும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் முதலாளி சொன்னார்.

அட்டைப்பெட்டி | திங்கள், மாலை 6.31

மாமா, நீங்கள் சொன்னதைத்தான் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மெக்கண்ட்லெஸ் 1932-இல் முறையாக எழுதி வைத்தார். அதைத்தான் நாங்கள் இரண்டாம் பருவத்தில் படித்தோம் 🙂 படித்துவிட்டு, எப்போது அதை மீறலாம் என்பதையும் படித்தோம். பேய்க் கதைக்கு 45 டிகிரி எதற்கு?

கேபிள்மாமா | திங்கள், மாலை 6.40

சரி சரி.

தஞ்சோங்_தம்பி | திங்கள், இரவு 9.12

பினாங்கிலிருந்து. நான் வீடியோ பக்கம், அதாவது அந்தப் பெயரில் வரும் 'டிஜிட்டல்'. அண்ணியிடம் சொல்லுங்கள் அண்ணே, இந்த வேலை நம் ஆட்களுக்குப் புதிது இல்லை. 1880களில் பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து இங்கே பினாங்கில் எழுந்ததுதான் பாங்சாவான் என்கிற மலாய் நாடகம். அதைத் தொடங்கிவைத்தவர் மாமாக் பூஷி. அரண்மனை, காடு, தெரு, தோட்டம் என்று வரைந்த படுதாக்களைச் சுருட்டி ஏற்றி இறக்கி காட்சி மாற்றினார்கள். அதே பார்சி பாணிப் படுதாதான் தமிழ்நாட்டுக் கம்பெனி நாடகத்துக்கும் போனது. இன்றைக்குப் படுதா இருந்த இடத்தில் எல்இடி சுவர் நிற்கிறது. வரைகிற ஆளுக்குப் பதில் நான் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்ல ஆசை. ஆனால் அவ்வளவுதான் இல்லை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். வாடகைக்கு வரும் எல்இடி பலகை அரை மீட்டருக்கு அரை மீட்டர். புள்ளிக்குப் புள்ளி 3.9 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் ஒரு பக்கத்துக்கு 128 புள்ளி. ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரச் சுவருக்கு 72 பலகை வேண்டும். மொத்தம் 1536-க்கு 768 புள்ளி. வாடிக்கையாளர் அனுப்புவது எப்போதும் 1920-க்கு 1080 வீடியோ. அகலத்துக்குச் சரியாகப் பொருத்தினால் உயரம் 864 ஆகிறது. சுவரில் 768-தான் இருக்கிறது. மேலே 48, கீழே 48 புள்ளி வெட்டுப்படும். அதாவது இரண்டு பக்கமும் ஏறக்குறைய 19 செண்டிமீட்டர்.

ஒரு நாட்டிய அரங்கேற்றத்தில் நடராசர் படம். மேலே திருவாசியின் தீச்சுடர் போய்விட்டது, கீழே முயலகன் போய்விட்டான். சாமி காற்றில் நின்றார். குருவின் முகத்தை நான் பார்க்கவே இல்லை, பார்க்கத் துணிவில்லை. படித்தவன் என்ன செய்வான் தெரியுமா? முதல் கூட்டத்திலேயே சுவர் அளவைக் கேட்டு, அந்த அளவில் படம் செய்யச் சொல்வான். ஆறு மாதம் என்னோடு வந்தால் ஒரு பொத்தானை அமுக்கத் தெரியும். என்ன கேட்க வேண்டும் என்று தெரிய எனக்கு நாலு வருஷம் ஆனது.

சலங்கை | செவ்வாய், காலை 11.08

அந்தக் குரு நான் இல்லை, ஆனால் நானாகவும் இருக்கலாம் 😅

பரதம் சொல்லித் தருகிறேன். எல்இடி சுவர் வந்த பிறகு எங்கள் கஷ்டம் யாருக்கும் புரிவதில்லை. பின்னால் அத்தனை பிரகாசம், முன்னால் பிள்ளையின் முகம் கறுப்பாகிவிடுகிறது. ஒரு வருஷம் கண்ணுக்கும் புருவத்துக்கும் பயிற்சி கொடுத்து அபிநயம் ஆட வைத்தால், மூன்றாவது வரிசைக்கே எட்டவில்லை. சுவரைக் குறையுங்கள் என்றால், "அக்கா, காசு கொடுத்து எடுத்தது, குறைத்தால் பெற்றோர் கேட்பார்கள்" என்கிறார் ஆபரேட்டர். முகத்து விளக்கை ஏற்றச் சொன்னால் முழு வெள்ளை. புடவைச் சரிகை மின்னுகிறது, உடம்பு தட்டையாகிவிடுகிறது.

ஆட்டத்துக்குப் பக்க விளக்கு வேண்டும். தரையிலிருந்து முழங்கால் உயரம், இடுப்பு உயரம், தலைக்கு மேலே என்று ஓரத்துத் தூண்களில் கட்டி, குறுக்காக அடிக்க வேண்டும். அப்போதுதான் அரைமண்டியில் தொடைக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் இடம் தெரியும், கை நீட்டினால் நீளம் தெரியும். சூத்ரா குழுவின் ஒடிசி நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அங்கே ஒளியமைக்கும் சிவராஜா நடராஜன் ஓவியரும்கூட. உடம்பை வரைகிற மாதிரிதான் வெளிச்சம் விழும். பிரிக்பீல்ட்ஸ் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981-இலிருந்து இருக்கிறது, அங்கேயும் பின்மேடையில் நம் ஆட்கள் எத்தனையோ பேர். பூ கட்டுவது என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும்.

எனக்கு அடுத்த அரங்கேற்றத்துக்குள் அந்தப் பெண் படித்து முடித்துவிட்டால் நல்லது. சுயநலம்தான்.

ரோட்டோரம் | செவ்வாய், மதியம் 12.30

பத்துமலையில் காவடிக்கு எல்இடி கட்டுகிறவனுக்கு டிகிரி கொடுத்தால் முதல் ஆள் என் மச்சான்.

நிர்வாகி | செவ்வாய், மதியம் 12.41

தைப்பூச இழை தனியாக இருக்கிறது, அங்கே போங்கள்.

செந்தூல்வாசி | செவ்வாய், இரவு 10.20

எல்லாருக்கும் நன்றி. நடராசர் கதையை மனைவியிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள், ஆறு நாளில் முதல் தடவை.

ஒரு சங்கதி. செந்தூல் பார்க்கில் இருக்கிற கேஎல்பேக் அரங்கம் 2005-இல் திறந்தது, எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். நான் உள்ளே போனதே இல்லை. பழைய ரயில்வே கட்டடத்தைத்தான் அரங்கமாக மாற்றியிருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். என் தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் ரிவெட் அடித்தவர். அந்தப் பேச்சு கொஞ்சம் ஓடியது.

ஆனால் என் பயம் பணம்தான். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததே, அப்போது உங்கள் துறை என்ன ஆனது? பஸ்ஸாவது ஓடியது. மறைக்காமல் சொல்லுங்கள்.

கேபிள்மாமா | செவ்வாய், இரவு 11.50

மறைக்க ஒன்றுமில்லை அண்ணே. எல்லாம் ரத்து. ஒரே வாரத்தில் பதினோரு நிகழ்ச்சி போனது. கடனில் வாங்கிய மூவிங் ஹெட் விளக்குகள் பெட்டியிலேயே கிடந்தன, வங்கித் தவணை மட்டும் கிடக்கவில்லை. நான் சாப்பாடு டெலிவரி ஓடினேன். என் ஆள் ஒருவன் நாசி லெமாக் கட்டினான். இன்னொருவன் ஏர்கான் வேலைக்குப் போனான், திரும்பி வரவே இல்லை. நல்ல ரிக்கர் அவன், மேலே விளக்குத் தொங்கவிடுகிற ஆள்.

பிரீலான்ஸ் என்றால் இபிஎஃப் சேமநிதியை முதலாளி கட்டமாட்டார், நாமே போட வேண்டும். சுயதொழில் செய்பவர்களுக்குச் சொக்சோ விபத்துக் காப்புறுதி இருக்கிறது, அதை எடுக்காமல் ஏணியில் ஏறக் கூடாது. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. விழுந்து மணிக்கட்டு உடைந்த பிறகுதான் தெரிந்தது. நிகழ்ச்சி முடிந்து மூன்று மாசம் கழித்துப் பணம் தரும் ஆட்களும் உண்டு. பேர் வேண்டாம்.

அந்தச் சமயம் வேலை இருந்தது யாருக்கு என்றால், தஞ்சோங் தம்பி மாதிரி ஆட்களுக்குத்தான். வீட்டிலிருந்தே கச்சேரி, கேமரா, திரைக்கு டிசைன். நான் அப்போது மூவிங் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

தஞ்சோங்_தம்பி | புதன், காலை 8.02

மாமா, எனக்கும் முதல் மூன்று மாதம் ஒன்றுமில்லை. பிறகு வந்ததும் பாதிக் கூலிக்கு. ஆனால் ஒன்று நிஜம், மேடைக்குப் படித்தது மற்ற இடத்துக்கும் போகிறது. என்னோடு படித்தவர்களில் நாடகத்தில் இருப்பது இரண்டே பேர். ஒருத்தி அருங்காட்சியகக் கண்காட்சி, ஒருவன் பேரங்காடி விழா அலங்காரம், ஒருவன் விளம்பரப் படப்பிடிப்புக் கலைத்துறை. நாடகத்தை மட்டும் நம்பிக் கோலாலம்பூரில் வாடகை கட்ட முடியாது. இதை மகளுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.

அட்டைப்பெட்டி | புதன், மதியம் 2.15

சேர்வதற்கு முன் கல்லூரிக்கு நேரில் போங்கள் அண்ணே. கையேட்டில் எல்லாக் கல்லூரியும் அழகுதான். வரவேற்பறையில் உட்காராமல், பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் மெக்கானிக், பார்த்ததும் உங்களுக்குத் தெரியும். ரம்பத்தில் தூசி மரத்தூளா, வெறும் தூசியா என்று பாருங்கள். மாணவர்கள் வருஷத்துக்கு எத்தனை நிகழ்ச்சியைப் பார்வையாளர் முன் போடுகிறார்கள், அதில் உங்கள் மகள் எதற்குப் பொறுப்பு என்று கேளுங்கள். கணினியில் முப்பரிமாணப் படம் மட்டும் செய்து மூன்று வருஷம் முடிகிற இடமும் இருக்கிறது. திரையில் எந்தச் சுவருக்கும் எடை கிடையாது.

வெளிநாடு இப்போது வேண்டாம். இங்கே டிப்ளோமா முடித்து, கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, அதற்கு மேலும் வேண்டும் என்று தோன்றினால் போகட்டும். நான் போனதில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் படிப்புகூட இல்லை, வாரம் இரண்டு நாடகம் மலிவு டிக்கெட்டில் பார்த்ததுதான். அதை இங்கேயும் செய்யலாம். கேஎல்பேக்கில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்களா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

நேர்முகத் தேர்வுக்கு அந்தச் சப்பாத்துப் பெட்டிகளையே எடுத்துப் போகட்டும். புதிதாக அழகாக ஒன்று செய்ய வேண்டாம். சரியாக வராமல் போனதையும் கொண்டுபோகச் சொல்லுங்கள், ஏன் வரவில்லை என்று அவள் பேசுவதைத்தான் அவர்கள் கேட்பார்கள்.

கேபிள்மாமா | புதன், இரவு 9.30

அண்ணே, பிள்ளைக்கு 18 ஆகிவிட்டதா? அடுத்த வியாழன் ஒரு மண்டபத்தில் சாமான் இறக்குகிறோம், சனி நிகழ்ச்சி. காலையிலிருந்து ஆள் வேலை செய்வதைப் பார்க்கட்டும். ஏணி ஏற்ற மாட்டேன், என் வார்த்தை. நீங்களும் வாருங்கள். அதன் பிறகும் படிக்கிறேன் என்றால் படிக்க வையுங்கள், நான் வாயைத் திறக்கமாட்டேன்.

செந்தூல்வாசி | வியாழன், இரவு 10.05

ஜனவரியிலேயே 18 ஆகிவிட்டது. வருகிறோம்.

நேற்று மூன்று பேருமாக ஒரு நாடகத்துக்குப் போனோம். இடைவேளையில் மனைவி மகளிடம் கேட்டாள்: "அந்த மழை எப்படிடி வந்தது? தண்ணியே இல்லையே?" மகள் மேலே கையைக் காட்டி ஏதோ விளக்கினாள். எனக்குப் பாதி புரியவில்லை. மணி அடித்துக் கதவு மூடும் வரைக்கும் இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

ஒரு சந்தேகம். இரும்பு முனை வைத்த சேஃப்டி சப்பாத்து கட்டாயம் என்கிறாள். என் டிப்போவில் கொடுப்பதெல்லாம் ஆண்கள் அளவு. அவளுக்கு நாலு. எங்கே கிடைக்கும்?

கேபிள்மாமா | வியாழன், இரவு 10.18

ஜாலான் பசார் பக்கம் ஹார்ட்வேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நாலு இல்லாவிட்டால் ஐந்து வாங்கி, கெட்டியான காலுறை இரண்டு போட்டுக்கொள்ளட்டும். கையுறையும் வாங்குங்கள், உள்ளங்கையில் ரப்பர் வைத்தது. காலை எட்டு மணிக்கு. சாப்பாடு என் கணக்கு.